டூட்டி மாறும் நேரத்து டீ

பினாயில் வாசனையோடு இஞ்சி டீ வாசனையும் சேர்ந்து வந்தால் போதும்... மணி மதியம் இரண்டு ஆகிவிட்டது என்று என் மூக்கே சொல்லிவிடும்.

நான் வார்டு ஆயம்மா. படிப்பு ஐந்தாவதோடு சரி. மூலக்குளத்திலிருந்து பஸ் பிடித்து இந்த ஆஸ்பத்திரிக்கு வர ஆரம்பித்தபோது என் முழங்கால் என் பேச்சைக் கேட்டது. இப்போது அதுதான் எனக்கு மேனேஜர்.

அப்போதெல்லாம் இரண்டு மணிக்கு நர்சுகள் டூட்டி மாறுவார்கள். யாருக்கு என்ன ஆச்சு, இனி என்ன செய்யணும் என்று காலை ஆட்கள் சாயங்கால ஆட்களிடம் ஒப்படைப்பார்கள். எல்லாம் நர்ஸ் ரூமில், கதவைச் சாத்திக்கொண்டு, டீயோடு. பாதி நோயாளி கதை, பாதி மாமியார் கதை. நான் டம்ளர் எடுக்கப் போவது போல இரண்டாவது பாதிக்குச் சரியாகப் போய்விடுவேன்.

ஒருநாள்... தட்டாஞ்சாவடி பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு அண்ணன், ஸ்கேனுக்காகக் காலையிலிருந்து வெறும் வயிறு. ஸ்கேனை மறுநாளைக்குத் தள்ளிவிட்டார்கள். அந்தச் செய்தி நர்ஸ் ரூம் வரைக்கும் வந்தது, டீ குடித்தது, அங்கேயே தங்கிவிட்டது. அவரிடம் யாரும் சாப்பிடச் சொல்லவில்லை. சர்க்கரை இறங்கி பாத்ரூம் வாசலில் விழுந்துவிட்டார். தூக்கிப் பிடித்தது நான்தான். நல்ல கனம்.

அப்போதுதான் பிலோ சிஸ்டர் எங்களுக்கு இன்சார்ஜாக வந்திருந்தார். பழைய பாண்டிச்சேரிக் குடும்பம், எதற்கெடுத்தாலும் நன்றிக்குப் பிரெஞ்சில் 'மெர்சி' சொல்வார். பெட்பேன் எடுத்து வைத்தால்கூட மெர்சி! அந்த அண்ணன் விழுந்ததற்கு யாரையும் திட்டவில்லை.

"இனிமே ஒவ்வொரு கட்டில்கிட்டயும் நின்னு ஒப்படைங்க. பேஷன்ட்டுக்கும் காதுல விழட்டும்."

அவ்வளவுதான் சொன்னார்.

எல்லாருக்கும் மூத்த நர்ஸ் நூர்ஜஹான் அக்கா. அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"இத்தினி வருஷமா இப்படித்தான செய்றோம்? நின்னுகினு ஒப்பிக்க நாங்க என்னா ஸ்கூல் புள்ளைங்களா?"

பிறகு நடந்த கூத்தைக் கேளுங்கள். சிஸ்டர் பார்க்கும்போது கட்டில் கட்டிலாகப் போய் முணுமுணுப்பார்கள். முடிந்ததும் ரூமுக்குள் போய், கதவைச் சாத்தி, நிஜமான ஒப்படைப்பு. தாலி கட்டியதும் ரிஜிஸ்டர் ஆபீஸ் போவது மாதிரி ஒரே வேலைக்கு இரண்டு சடங்கு.

மேலே ஆபீசில் பொறுமை போய்விட்டது. இந்த மாசத்துக்குள் படியவில்லை என்றால் பழையபடியே விட்டுவிடலாம், இன்சார்ஜுக்கும் வேறு ஆள் பார்க்கலாம் என்று சிஸ்டரிடம் சொல்லிவிட்டார்கள். அவர் லாஸ்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். அந்த நாட்களில் வந்து இறங்கும்போதே முகம் களைத்திருக்கும்.

அந்த மாசத்திலேயே அது நடந்தது. கர்ப்பப்பை ஆபரேஷன் ஆன ஒரு பெண், கட்டிலில். பக்கத்தில் மாமியார். புது நர்ஸ் ஒருத்தி சத்தமாக ஒப்படைக்கிறாள்... கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை கரு கலைந்த விஷயத்தையும் சேர்த்து. அந்தப் பெண் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமியார் வாயைத் திறப்பதற்குள் நூர்ஜஹான் அக்கா உள்ளே புகுந்தார்.

"ஏ பொண்ணே, கண்ணு எங்க இருக்கு? அடுத்த ரூம் கேச இங்க படிக்கிற! அம்மா, நீங்க வாங்க, மருந்து வாங்கணும்."

மாமியார் நம்பினாரோ இல்லையோ, அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கேட்கவில்லை.

அக்கா நேராக நர்ஸ் ரூமுக்கு வந்தார். சிஸ்டர் அங்கே நின்றிருந்தார்.

"கதவ சாத்தறது டீக்குன்னு நெனச்சீங்களா சிஸ்டர்? இதுக்குந்தான்."

இன்றைக்கு ஒரு சண்டை உண்டு என்று நான் துடைப்பத்தோடு ஓரமாக நின்றேன். சிஸ்டர் அந்த ரூமில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு உட்கார்ந்தார்.

"நீங்க சொல்றது சரிக்கா. ஆனா அந்த அண்ணன் பட்டினியில வுழுந்ததும் இந்தக் கதவாலதான. ரெண்டும் நடக்கக் கூடாது. எப்படி செய்யலாம், நீங்களே சொல்லுங்க."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு சிஸ்டருக்கு எதிரிலேயே உட்கார்ந்தார். அதுவே பெரிய அதிசயம்.

"வெளிய சொல்லக் கூடாதத இங்கயே முடிச்சிடணும். மிச்சத்த கட்டில்கிட்ட சொல்லலாம். அதுவும் கூட இருக்கறவங்கள வெளிய அனுப்பிட்டுத்தான்."

"யாரு அனுப்பறது?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"அவளுக்குத்தான் வாய் இருக்குதே," என்றார் அக்கா.

"வேலைய ஏத்துறீங்களே, எனக்கு என்னா குடுப்பீங்க?" என்றேன்.

"ரவுண்டு முடிஞ்சதும் டீ," என்றார் சிஸ்டர்.

"அதுக்குள்ள ஆறிடுமே சிஸ்டர்!"

அன்றைக்குத்தான் அந்த மாசத்தில் முதல்முறையாக அவர் சிரித்தார். அக்காவைப் பார்த்து, "மெர்சிக்கா."

மறுநாளிலிருந்து ரவுண்டில் முன்னால் போனது யார் என்கிறீர்கள்? நூர்ஜஹான் அக்காதான். ஒவ்வொரு கட்டிலிலும் கடைசியில், "நான் ஏதாச்சும் வுட்டுட்டேனா?" என்று நோயாளியிடமே கேட்பார். மறுபடி வந்து படுத்திருந்த பட்டறை அண்ணன் விடுவாரா? "சாப்பாடு எப்போன்னு சொல்லலியே!" என்றார். வார்டே சிரித்தது. சிஸ்டர் இன்சார்ஜாகவே இருந்தார். நாங்கள் ஆறிப்போன டீ குடித்தோம், வருஷக் கணக்கில்.

சிஸ்டர் இப்போது பிரான்சில், மகள் வீட்டில். அக்கா ரிட்டயர்டு. எனக்கு மட்டும் இன்னும் இதே படிக்கட்டு.

போன வாரம் புது இன்சார்ஜ் வந்து சொல்லிவிட்டுப் போனாள். இனி ரவுண்டு கிடையாதாம், எல்லாம் கையில் வைத்திருக்கும் டேப்லெட் கம்ப்யூட்டரிலேயே ஏறிவிடுமாம். "இத்தினி வருஷமா இப்படித்தானம்மா செய்றோம்..." என்று என் வாயிலிருந்தே வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அது யாருடைய வசனம் என்று உறைத்தது. நல்ல பெண்தான், வேலையும் சுத்தம். ஆனால் உட்கார நேரமில்லை. சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

இன்றைக்கும் இரண்டு மணிக்கு, யாரையும் வெளியே அனுப்பும் வேலை இல்லாமலே, வார்டு வாசலில் போய் நின்றேன். கால் வலித்தது. உள்ளே வந்து, பழைய பழக்கத்தில் டீயை ஊதாமலே குடித்தேன்.

நாக்கு சுட்டுவிட்டது.