கேட்பவர்களைக் கேட்பவரும் சாப்பாட்டு அறைக் கடிகாரமும்

தொழிலில் இருப்பவர்கள் அவரைக் ‘காது சார்’ என்றுதான் சொல்வார்கள். ஊராரின் மனக்குறையை உட்கார்ந்து கேட்கும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அவர்கள் ஒழுங்காகக் கேட்கிறார்களா என்று உட்கார்ந்து கேட்பவர் இவர். மேற்பார்வையாளர். கேட்பவர்களையே கேட்பவர் என்றால் அது எப்பேர்ப்பட்ட காதாக இருக்க வேண்டும்! வீட்டுக்குள் நுழையும்போது அந்தக் காதைச் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றி வைத்துவிடுவார் என்பது அவர் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். அந்த மனைவியைத் தன் வீட்டிலிருந்து, மிகுந்த தொழில் நேர்த்தியோடு, அவரே கிளப்பிவிட்ட கதை இது.

ஆரம்பத்தில் அவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் புகார் கேட்கும் மேசையில் இருந்தார். புகாரைத் தீர்க்க வக்கில்லாத நிறுவனம். ஆகவே கேட்பதில் மட்டும் கைதேர்ந்தவரானார். பிறகு முறையாகப் படித்து, பல வருஷம் ஆலோசகராக இருந்து, கடைசியில் பல் டாக்டர் கிளினிக்குக்கு மேல்மாடியில் இந்த அறையைப் பிடித்தார். இரண்டு நாற்காலி, ஒரு டிஷ்யூ டப்பா. வருபவரின் நாற்காலிக்குப் பின்னால், தலைக்கு மேலே, ஒரு கடிகாரம். எதிரில் இருப்பவர் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கையில் அவருக்குத் தெரியாமல் மணி பார்க்க அதுதான் வசதி. இந்தத் தொழிலில் பலரும் செய்வதுதான். காது சார் ஒரு படி மேலே போய், வீட்டுச் சாப்பாட்டு அறையிலும் மனைவியின் நாற்காலிக்குப் பின்னால் ஒன்றை மாட்டியிருந்தார்.

“பால் தீர்ந்துடுச்சு” என்பாள் அவள்.

“தீர்ந்துடுச்சுன்னு உனக்குத் தோணுது” என்பார் அவர். கண் அவள் தலைக்கு மேலே இருக்கும்.

ஒரு நாள், “மனசு சரியில்லைங்க. இனிமே செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு இடத்துக்குப் போயிட்டு வரப்போறேன்” என்றாள். “மனசு சரியில்ல” என்று அழகாகத் திருப்பிச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். எங்கே என்று கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை.

அவரிடம் மேற்பார்வைக்கு வருகிறவர்களில் ஒருத்தி டீச்சர். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு நாற்பது வயதுக்கு மேல் ஆலோசகரானவள். வருகிறவர்களின் பெயரையோ அடையாளத்தையோ மேற்பார்வையில் சொல்லக் கூடாது என்பது விதி. டீச்சர் விதி தவறாதவள்.

“ஒரு அம்மா சார். பையன் வெளியூர்ல. வீட்ல இவங்களும் வீட்டுக்காரரும்தான். இவங்க எது சொன்னாலும் அந்த மனுஷன் அதையே திருப்பிச் சொல்றாராம், கிளிப்பிள்ளை மாதிரி.”

காது சார் கொதித்துப் போனார். தான் செய்தால் தொழில் உத்தி, அடுத்தவன் செய்தால் கிளிப்பிள்ளை.

“கிளியாவது ஆளைப் பாத்துப் பேசும். இவன் மரம், டீச்சர். சுத்த மரம்!” என்றார். “வீட்ல ஒரே ஒரு பொருளை இடம் மாத்தி வெக்கச் சொல்லுங்க. தினமும் அவன் கண்ணுல படற பொருளா இருக்கட்டும். ஏன்னு ஒரு வார்த்தை கேட்டான்னா அந்த வீட்ல இன்னும் உயிர் இருக்கு. கேக்கலைன்னா, கிளம்பறதுக்கு அந்தம்மாவுக்கு நாம துணையா நிக்கணும்.”

சொல்லி முடித்தபோது அவருக்கே தன்மேல் மரியாதை கூடியது.

அடுத்த வாரம் ஒரு ராத்திரி, சாப்பாட்டுக்கு நடுவே மனைவியின் தலைக்கு மேலே கண்ணை உயர்த்தினார். வெறும் ஆணிதான் இருந்தது.

“மணி என்ன?”

“எட்டே கால்” என்றாள் அவள், அவர் தலைக்கு மேலே பார்த்து.

“எட்டே கால்” என்று சொல்லிவிட்டு அவர் சாப்பாட்டைத் தொடர்ந்தார். அவள் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

டீச்சர் மறுபடி வந்தாள்.

“நீங்க சொன்னதைச் செஞ்சாங்க சார். சாப்பாட்டு ரூம் கடிகாரம் இத்தனை வருஷமா அவங்க முதுகுக்குப் பின்னாடிதான் தொங்கிச்சாம். பேசறப்பல்லாம் அவர் கண்ணு அங்கதான் போகுமாம். அதை எடுத்து அவர் நாற்காலிக்குப் பின்னாடி மாட்டிட்டாங்க. மனுஷன் மணி என்னன்னு கேட்டாராம், ஏன்னு கேக்கலையாம். இன்னிக்குச் சாயங்காலம் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பறாங்க.”

அப்போதுதான் காது சாருக்கு மண்டையில் உறைத்தது. தெரிந்த ஆள் என்று தெரிந்த நிமிஷமே அதைச் சொல்லிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். எத்தனை பேருக்கு இந்த விதியை மேடை போட்டு முழங்கியிருப்பார்! வாயைத் திறந்தார். வந்தது வேறு.

“அவசரப்பட வேணாம்னு சொல்லுங்க. அவருக்கும் வேலை டென்ஷன் இருக்கும் பாருங்க. நல்ல மனுஷனாத்தான் இருப்பார்.”

“போன தடவை மரம்னு சொன்னீங்களே சார்?”

‘அவன்’ ‘அவர்’ ஆகிவிட்டதையும் டீச்சர் கவனிக்காமல் இல்லை. வகுப்பறையில் எத்தனை திருட்டு முழிகளைப் பார்த்தவள்! மெல்ல முன்னால் சாய்ந்து, அவர் சொல்லிக்கொடுத்த அதே பதமான குரலில் கேட்டாள்: “இதைச் சொல்றப்போ உங்களுக்குள்ள என்ன ஓடுது சார்?”

இதே கேள்வியால் எத்தனையோ ஆலோசகர்களை அழவைத்தவர் அவர். அவள் தலைக்கு மேலே பார்த்தார்.

“நேரமாச்சு டீச்சர்.”

பாதி நேரம் இன்னும் மிச்சம் இருந்தது.

விழுந்தடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வாசலில் பெட்டி தயாராக இருந்தது. மனைவி சாப்பாட்டு அறையில் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே உட்கார்ந்து, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினார். அவள் மோவாயைக் கையில் தாங்கிக்கொண்டு, குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டாள்.

“கடிகார யோசனை நான் சொன்னதுதான். நீன்னு தெரியாம சொல்லிட்டேன்.”

“நான்கூட டீச்சருக்குத்தான் இவ்வளவு விவரம்னு நெனச்சேன்” என்றாள். “பேரு தெரியாத ஒருத்திக்கு எவ்வளவு நல்லா காது குடுத்திருக்கீங்க!” என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் அவரை உடைத்துவிட்டது. டிஷ்யூ டப்பா இல்லாத அந்த அறையில், சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இன்னும் நிறைய சொல்லணும் உன்கிட்ட.”

“நிறைய சொல்லணும்” என்றாள் அவள், பரிவோடு. அவள் கண் அவர் தலைக்கு மேலே போனது. “ஆனா நேரமாச்சுங்க. கார் வந்துடும்.”