உப்பிய பாக்கெட்டுகள்

அந்த டிசைனர் இன்று எதிரில் வந்தாலும் நாலு வார்த்தை கேட்காமல் விடமாட்டேன். காபி பாக்கெட்டின் முகப்பில் வால்வு இருப்பது அழகான முகத்தில் மரு மாதிரி இருக்கிறதாம். அவனைவிட என் மேல்தான் எனக்கு ஆத்திரம் அதிகம். அவன் சொன்னதற்குத் தலையாட்டியவள் நான்.

வால்வு பெரிய சங்கதி இல்லை, சட்டைப் பொத்தான் அளவுதான். வறுத்த காபி சில நாட்களுக்குக் காற்றை விட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் காற்றை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாமல் தடுப்பது அதன் வேலை. இருந்த வேலையை விட்டுவிட்டு, பெங்களூர் ஒக்கலிபுரத்தில் ஷெட் பிடித்து காபி வறுப்பவளுக்கு இதுகூடத் தெரியாதா? தெரியும். வெள்ளைக் காபிப்பூ அச்சிட்ட, வால்வு இல்லாத அந்த சாம்பிள் பாக்கெட்டைக் கையில் வாங்கியதும் புத்தி மழுங்கிவிட்டது.

உள்ளே போக இருந்தது எங்கள் புது ரோஸ்ட். சிக்கரி கிடையாது. கருக வறுக்காமல் இளசாக இறக்க வேண்டும், ஆனால் பால் ஊற்றினால் ருசி காணாமல் போகக் கூடாது. மாதக்கணக்கில் இதோடு மல்லுக்கட்டினேன். கொட்டை வெடித்தபின் கொஞ்சம் கூடுதலாக விட்டால் கசப்பு, முந்தி இறக்கினால் புளிப்பு. ருசி பார்க்கப் படித்தவர் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் உறிஞ்சி உறிஞ்சிக் குடித்துவிட்டு ஏதேதோ பழங்களின் பெயரைச் சொன்னார். பாக்கிங் வேலைக்கு வந்த பெண்ணிடம் ஒரு டம்ளர் கொடுத்தேன். அவளுக்கு என் வயதுதான், இரண்டு தெரு தள்ளி வீடு. "இது பால்ல காணாம போயிடுது மேடம். நேத்து போட்டதுதான் சரி" என்றாள். அவள் சொன்னதுதான் சரியாக இருந்தது. அதன்பின் ஒவ்வொரு முறையும் அவளிடமே கேட்டேன். கடைசியில் அந்த ரோஸ்டைத் தேர்ந்தெடுத்ததும் அவள்தான்.

தொம்மலூரில் ஒரு சூப்பர் மார்க்கெட்காரர் ஒரு மாதம் வைத்துப் பார்க்க ஒப்புக்கொண்டார். விற்றால் அவருடைய மற்ற இரண்டு கடைகளிலும் வைப்பார். விற்காவிட்டால் பழைய சிக்கரி கலவைக்கே திரும்ப வேண்டியதுதான். இன்னொரு முறை முயல என்னிடம் தெம்பு இல்லை.

மூன்றாம் நாள் அவரிடமிருந்து போன் வந்தது.

"மேடம், எல்லா பாக்கெட்டும் ஊதிக்கிட்டு நிக்குது. கஸ்டமர் யாரும் கை வைக்க மாட்டேங்கிறாங்க. இட்லி மாவு பாக்கெட் ஊதினா கெட்டுப்போச்சுன்னுதானே வாபஸ் அனுப்புறோம்? ஸ்வல்ப, கொஞ்சம் பாத்து பண்ணுங்க மேடம்."

ஆட்டோவில் இருந்தபடியே பாக்கிங் பெண்ணுக்குப் போன் போட்டுக் கத்தினேன். "நாளைக்குப் போற லோடுல ஒரு பாக்கெட்கூட ஊதி இருக்கக் கூடாது. என்ன பண்ணுவியோ தெரியாது. ஊதியிருந்தா நீ வேலைக்கே வராதே." என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எனக்கே தெரியாதபோது எப்படிச் சொல்வது?

மறுநாள் பாக்கெட்டுகள் தட்டையாக, சமர்த்தாக இருந்தன. எப்படி என்று கேட்கவில்லை. தொல்லை விட்டதே என்று அனுப்பிவிட்டேன். இரண்டு வாரம் கழித்துக் கடைக்காரர் மறுபடியும் கூப்பிட்டார். காபியில் வாசனையே இல்லையென்று சிலர் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். கடைக்குப் போய் ஒரு பாக்கெட்டை எடுத்து அமுக்கினேன். பூவின் நடுவிலிருந்து காற்று சீறியது. வெளியே தெரியாதபடி அவ்வளவு நேர்த்தியாக ஊசியால் குத்தியிருந்தாள். எல்லா பாக்கெட்டிலும்.

நேராக ஷெட்டுக்குப் போய், டெம்போக்காரர் முன்னாலேயே அவளைத் திட்டித் தீர்த்தேன். அறிவு கெட்ட ஜென்மம் என்றேன். அதைச் சொன்ன வாயை இன்றைக்கும் எனக்கு அறையத் தோன்றுகிறது.

அவள் தலையில் மாட்டியிருந்த வலைத் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"ஊதக் கூடாதுன்னீங்க, ஊதாம பண்ணேன். புது கவர் வந்த அன்னைக்கே வால்வு காணோமேன்னு கேட்டேன் மேடம். டிசைன் மாத்தியாச்சு, நீ உன் வேலையப் பாருன்னீங்க."

கேட்டாள்தான். நானும் அப்படித்தான் சொன்னேன். அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

காலில் விழாத குறையாகக் கெஞ்சி, கடைக்காரரிடம் இன்னொரு மாதம் வாங்கினேன். வால்வு வைத்த பாக்கெட்டில் அதே ரோஸ்ட் போயிற்று. இந்த முறை விற்றது. மற்ற இரண்டு கடைகளிலிருந்தும் கேட்டார்கள்.

அன்று மாலையே ஒரு பாக்கெட்டோடு அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே மன்னிப்புக் கேட்டேன், திரும்ப வா என்றும் கேட்டேன். உள்ளே கூப்பிட்டாள். நான் கொண்டுபோன பொடியிலேயே டிகாக்ஷன் இறக்கி, இரண்டு டம்ளர் கலந்து, ஒன்றை என்னிடம் நீட்டினாள். தன்னுடையதில் ஒரு வாய் குடித்தாள்.

"காபி ரொம்ப நல்லா இருக்கு மேடம். ஆனா நான் வரலை."

அங்கே கோபப்பட எனக்கு என்னைத் தவிர ஆள் இல்லை. காபி கொதிக்கக் கொதிக்க இருந்தது. அதை முழுக்கக் குடித்து முடிக்கும்வரை அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.