விசா போட்டுக் கொடுத்த ராத்தா

யார் என்ன நினைப்பார்களோ என்று வருஷக்கணக்கில் எழுதத் தயங்கினேன்.

காய்ச்சலில் பிழைத்த மகளுக்குப் பழனியில் முடியிறக்க நேர்த்தி. முதன்முதலாக இந்திய விசா கேட்க, விண்ணப்பம் நிரப்பித் தரும் மாத்தளை டைப்பிங் கடைக்குப் போனேன். பர்தாவும் மூக்குக்கண்ணாடியுமாக ஒரு ராத்தா, முஸ்லிம் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம், என் விவரங்களைக் கம்ப்யூட்டரில் பதிந்தார்.

"எங்க போறீங்க?"

இலங்கைத் தோட்டத்தில் பிறந்த நாங்கள், பாட்டன் பூட்டன் வந்த இந்தியாவையும் ஊர் என்போம். "ஊருக்குங்க."

"திரும்பி?"

"ஊருக்குத்தான்."

ராத்தா சிரித்துவிட்டார். "ரெண்டும் ஊருன்னா விசா தரமாட்டாங்க அண்ணே!"

"சாமி அங்க, வீடு யட்டவத்தையில, ராத்தா."

"அப்ப யட்டவத்தைதான் ஊரு."

எதை அனுப்பும்போதும் "பிஸ்மில்லா", அல்லாஹ்வின் பெயரால் என்று சொல்வது அவர் பழக்கம்; எனக்கு முன்னால் வந்தவர்களுக்கும் சொன்னார். என் பழனிப் பயணத்துக்கும் சொல்லித்தான் பட்டனைத் தட்டினார்.

விசா கிடைத்தது. முருகனிடம் அவருக்காகவும் வேண்டினேன். பெயர் கேட்டு வைக்காததால் 'மாத்தளை ராத்தா' என்றேன்.

இதை யாருக்குச் சொன்னாலும் அந்த பிஸ்மில்லாவை விட்டுவிடாதீர்கள்.