அண்ணனின் கைராசியை நம்பியவர்களுக்கு

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிற இன்று வீடு தேடி வந்திருக்கும் சொந்தங்களுக்கும் அண்ணனின் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுது என்று மதினி சொன்னார்கள். நல்லதைத்தான் எழுதப்போகிறேன். ஆனால் அந்த நல்ல மனுஷருக்கு உங்களில் சிலர் செய்த மரியாதையையும் சேர்த்து எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை. சிலருக்கு முகம் சுருங்கும். சுருங்கட்டும்.

அண்ணன் பிறந்தது பனவடலிசத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மானாவாரிக் கிராமத்தில். மழை பெய்தால் உளுந்தும் பருத்தியும், பெய்யாவிட்டால் ஆடுகள் மட்டும். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். என்னைக் கல்லூரியில் படிக்க வைத்ததும் அந்தச் சம்பளம்தான், பிறகு அதே புளியங்குடியில் என்னைக் கட்டிக்கொடுத்ததும் அதுதான். பிற்பாடு சங்கரன்கோவிலில் எலக்ட்ரிக்கல் சாமான் கடை போட்டார். வயரும் சுவிட்சும் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் வீடு கட்டுகிறவர்கள். எங்கே இடம் வாங்கினீர்கள், எப்படி வாங்கினீர்கள், என்ன தொந்தரவு வந்தது என்று அவர்களிடம் கேட்டுக் கேட்டே மனை வாங்கும் வித்தையை அண்ணன் படித்துக்கொண்டார்.

கடைக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் காலையில் ஒரு கூட்டம் கூடும். பாத்திரக்கடை அண்ணாச்சிதான் அதற்குத் தலைவர் மாதிரி. துபாயிலிருந்து திரும்பியவர், ஓய்வுபெற்ற வாத்தியார், லாரி வைத்திருப்பவர் என்று எல்லாரும் கையில் மிஞ்சியதை மனையில் போடுகிறவர்கள். ஒருவர் தயங்கினால் இன்னொருவர் தைரியம் சொல்வார். ஒருவர் துள்ளினால் இன்னொருவர் சட்டையைப் பிடித்து இழுப்பார். அந்தப் பழக்கம் நல்ல பழக்கம், அதை நான் குறை சொல்லவில்லை. அண்ணனுக்கும் அந்தக் கூட்டத்துக்குப் போகாவிட்டால் அன்றைய பொழுது விடிந்த மாதிரியே இருக்காது.

அங்கே அண்ணன் என்ன சொல்வார் என்பது எனக்கு மனப்பாடம். என் வீட்டுக்காரர் ஒரு மனை பார்க்கப் போனபோது எங்களுக்கும் அதையேதான் சொன்னார்.

“ஏட்டி, அவன் வேன் வச்சுக் கூட்டிட்டுப் போயி பிரியாணி போடுத அன்னைக்கு அட்வான்ஸ் குடுத்துராதீங்க. மழை பெஞ்ச மறுநாளு நீங்களா போங்க. செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு நாலு மூலையும் நடந்து பாக்கணும். பக்கத்துக் காட்டுல ஆடு மேய்க்கிறவரு இருப்பாரு, அவருகிட்ட தண்ணி எங்கன நிக்கும்னு கேளுங்க. அவருக்கு விக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். பொய் சொல்ல மாட்டாரு.”

வில்லங்கம் போட்டுப் பார்த்தால் மட்டும் போதாது, தாய்ப்பத்திரத்தை வக்கீலிடம் கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டும் என்பார். நிலத்தின் அளவும் எல்லையும் காட்டும் புலப்படத்தை வாங்கி, ஓடையும் வண்டிப்பாதையும் எந்தப் பக்கம் போகிறது என்று விரல் வைத்துப் பார்க்கச் சொல்வார். கரிசலில் வீடு கட்டுவதானால் கெட்டித் தரை வரும்வரை தோண்ட வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்துத்தான் மனை விலை என்பார். வீட்டுப் பெண்களைக் கூட்டிப்போகாமல் இடம் பார்க்கிறவர்களை அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. தண்ணீருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எவ்வளவு தூரம் என்று அவர்கள்தானே முதலில் கேட்பார்கள்.

தைரியம் சொல்வதிலும் அவர் குறை வைத்ததில்லை. விலை ஏறவில்லை என்று லாரிக்காரர் தன் மனையை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடப் பார்த்தார். “என்னவே அவசரம்? வீட்டுல கல்யாணமா, ஆஸ்பத்திரியா? ரெண்டும் இல்லைன்னா அது பாட்டுக்குக் கெடக்கட்டும். அதுக்கு என்ன சோறா போடுதீரு?” என்று கேட்டு அண்ணன்தான் தடுத்தார். இன்று அந்த மனையில் லாரிக்காரரின் மகன் மாடி வீடு கட்டியிருக்கிறார்.

இவ்வளவு சொன்ன மனுஷரிடம் ஊர் எடுத்துக்கொண்டது எதைத் தெரியுமா? கைராசியை.

ராஜபாளையம் சாலையில் அண்ணன் முதலில் அட்வான்ஸ் கொடுத்த ஓர் இடத்துக்கு எதிரே சீக்கிரமே ஒரு பள்ளிக்கூடம் வந்தது, விலை ஏறியது. வண்டிகள் நின்று போவதைப் பல நாள் கவனித்துத்தான் அண்ணன் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். கூட்டத்துக்கு அது தேவைப்படவில்லை. “அவரு கை ராசியான கை” என்று முடிவு கட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. யார் மனை வாங்கினாலும் அட்வான்ஸை வெற்றிலையில் வைத்து அண்ணன் கையில் கொடுப்பார்கள், அண்ணன் அதை விற்பவர் கையில் கொடுக்க வேண்டும். புது லே-அவுட் போட்டால் முதல் கல்லை அண்ணன் ஊன்ற வேண்டும். அதற்குப் பிறகு பத்திரம் எதற்கு, படம் எதற்கு? கை தொட்டாகிவிட்டதே!

முதலில் அண்ணன் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. “என் கை வேணும்னு வாராவ. நான் சொல்லுதது வேண்டாம்னு போறாவ. இதுக்கு எங்கேயாவது ஒரு பொம்மைய வச்சுக்கிடலாம்லா?” என்று என்னிடம் ஒருமுறை நொந்து சொன்னார்.

திருவேங்கடம் போகிற சாலையில் ஒரு லே-அவுட் வந்தபோதுதான் எல்லாம் கெட்டது. கோடையில் போய்ப் பார்த்துவிட்டு எல்லாரும் குதித்தார்கள். அண்ணன் மட்டும் புலப்படத்தை விரித்து வைத்து, “கீழ் வரிசைல ஓடைய மூடியிருக்கான். ஒரு மழை போகட்டும், பொறவு பாப்போம்” என்றார். எதற்கெடுத்தாலும் தடை சொல்கிறார் என்று துபாய்க்காரர் சலித்துக்கொண்டார். பாத்திரக்கடை அண்ணாச்சி தோளில் கைபோட்டு, “நீரு ஒண்ணும் வாங்க வேண்டாம்வே. கல்லை மட்டும் ஊனிட்டுப் போரும், மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்” என்றார். எங்கள் அம்மா இறந்தபோது கூடவே நின்று எல்லாக் காரியத்தையும் எடுத்துச் செய்தவர் அண்ணாச்சி. அந்த முகத்துக்காக அண்ணன் போய்க் கல்லை ஊன்றினார். அது தவறு. அண்ணன் என்பதற்காக நான் அதை மறைக்கப்போவதில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

ஐப்பசி மழையில் கீழ் வரிசை மனைகள் முழுக்கத் தண்ணீரில் நின்றன. கல் எங்கே, எல்லை எங்கே என்று தெரியவில்லை. லே-அவுட் போட்டவர் போனை எடுக்கவில்லை. உடனே எல்லாரும் எங்கே வந்தார்கள்? அண்ணன் வீட்டு வாசலுக்கு. “உம்ம கைய நம்பித்தானவே வாங்குனோம்” என்று மதினியும் பிள்ளைகளும் கேட்க, தெருவே வேடிக்கை பார்க்கக் கத்தினார்கள். புலப்படத்தைப் பார்க்காதே என்று அந்தக் கையா சொன்னது? மழைக்கு முன்னால் வாங்கு என்று அந்த வாயா சொன்னது? அன்று நான் அங்கே இல்லாமல் போனேனே என்று இன்றும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. பாத்திரக்கடை அண்ணாச்சி அன்று வரவில்லை. மத்ததைப் பார்த்துக்கொள்கிறோம் என்றவர் அவர்தான்.

அந்தக் கூட்டத்தில் கத்தாமல் நின்றவர் சத்துணவு டீச்சர் ஒருவர்தான். ஓய்வுபெற்றுக் கிடைத்ததை எல்லாம் அந்தக் கீழ் வரிசையில் போட்டிருந்தார். அண்ணன் அவரைக் கூட்டிக்கொண்டு லே-அவுட் போட்டவரின் ஆபீசுக்கு அலையாய் அலைந்தார். உட்காரச் சொல்லாத இடத்திலெல்லாம் போய் உட்கார்ந்தார். கடைசியில் மேட்டுப் பக்கம் ஒரு மனையை டீச்சருக்கு மாற்றி எழுதி வாங்கிவிட்டுத்தான் ஓய்ந்தார். மற்றவர்களுக்காகவும் போய்க்கொண்டிருந்தபோதுதான் நெஞ்சுவலி வந்தது. சர்க்கரையும் சேர்ந்துகொண்டது.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களில் காலைக் கூட்டத்திலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் பூப்படம் போட்டு ‘விரைவில் நலம் பெறுக’ என்று அனுப்பினார்கள். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு போனை என்னிடம் கொடுத்து, “கீழ் வரிசைக்காரங்க வக்கீலப் பாத்தாங்களான்னு கேளுட்டி” என்றார். கேட்டேன். ஒரே ஒருவர் கும்பிடு படம் அனுப்பினார். இரண்டு நாளில் அண்ணன் போய்விட்டார்.

இதையெல்லாம் மனசுக்குள் வைத்துக்கொண்டு போயிருப்பேன். ஆனால் போன மாதம் பாத்திரக்கடை அண்ணாச்சியும் துபாய்க்காரரும் பழத்தட்டோடு மதினியைப் பார்க்க வந்தார்கள். புதிதாக ஒரு லே-அவுட் போடுகிறார்களாம். அதற்கு அண்ணன் பெயரையே வைக்கிறார்களாம். அண்ணனின் கைராசி வீட்டம்மாவிடமும் இருக்குமாம், அதனால் மதினி வந்து முதல் கல்லை ஊன்ற வேண்டுமாம். இந்த மலரின் அச்சுச் செலவைத் தாங்களே ஏற்றுக்கொள்கிறார்களாம், பின் அட்டையில் மட்டும் லே-அவுட் விளம்பரம் வர வேண்டுமாம்.

நான் கேட்டது ஒன்றுதான்: “மழைக்குப் பொறவு அங்கன போயிப் பாத்தீங்களா அண்ணாச்சி?”

“அதெல்லாம் பாத்துக்கிடலாம் தாயி. முதல்ல தங்கச்சி வந்து கல்லை ஊனட்டும்” என்றார். தங்கச்சி என்றது மதினியை.

மதினி எழுந்து பழத்தட்டை அண்ணாச்சி கையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள். “அவுக பேர எங்கேயும் எழுதாதீங்க. எழுதுனா நானே வந்து அழிப்பேன்” என்றார்கள். மதினி குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான். இங்கே வந்திருப்பவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள்: அண்ணன் பெயரில் எந்த லே-அவுட் வந்தாலும் அதற்கும் எங்கள் குடும்பத்துக்கும் சம்பந்தமில்லை. அந்தப் பெயரை நம்பி ஒருவரும் வாங்க வேண்டாம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் இராப்பகலாக மதினிக்குத் துணையிருந்த சத்துணவு டீச்சருக்கு நன்றி. அண்ணன் கடையை இன்றுவரை ஒழுங்காக நடத்தித் தரும் கடைப் பணியாளருக்கு நன்றி. கீழ் வரிசைக்காரர்களுக்குக் கட்டணம் வாங்காமல் வழக்கைப் பார்க்க முன்வந்திருக்கும் வக்கீலுக்கு நன்றி. வாசலில் நின்று கத்தியவர்களும் அவரைப் போய்ப் பாருங்கள். அண்ணன் கடைசியாகக் கவலைப்பட்டது உங்களைப் பற்றித்தான்.

அச்சுச் செலவு எங்களுடையது. அதனால் இந்த மலரின் பின் அட்டையை வெள்ளையாக விட்டிருக்கிறோம். அண்ணன் கையால் அட்வான்ஸ் கொடுத்தவர்கள் அத்தனை பேரும், அவர் உங்களுக்குச் சொன்னதில் ஒன்றையாவது அதில் எழுதி உங்கள் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஒன்றும் ஞாபகம் வரவில்லையென்றால் அப்படியே வெள்ளையாக இருக்கட்டும். அடுத்த மனை வாங்கும் முன்னால் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

அண்ணனை இழந்து நிற்கும்
உடன்பிறந்த தங்கை,
புளியங்குடி