மோட்டார் ரூம் முகவரி

இரும்புலியூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நான் வாட்ச்மேன். மாடிப்படிக்குக் கீழே தண்ணீர் மோட்டார் இருக்கும் அறைதான் எனக்குத் தங்குமிடம். மனைவியும் மகனும் செய்யாறு பக்கம் எங்கள் ஊரில் இருந்தார்கள். மகனுக்குத் தாம்பரத்தில் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. தனியார் விடுதிகளில் கேட்டது என் சம்பளத்துக்கு மேல். அரசு மாணவர் விடுதி கிடைத்தால் படிப்பான். இல்லாவிட்டால் ஊரிலேயே ஏதாவது வேலைக்குப் போகவேண்டியதுதான்.

அடுத்த கட்டடத்து வாட்ச்மேன் ஒரு யோசனை சொன்னார்.

"மச்சான், பையன் ஆதார்ல ஊர் அட்ரஸா கீது? மொதல்ல அத்த மாத்து. என் பொண்ணுக்கு பிரைவேட் ஸ்கூல்ல ஃப்ரீ சீட்டு எப்டி கெடச்சுது? வூடு பக்கத்துல இருந்தாத்தான் மொதல்ல குடுப்பான்."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. என் ஆதாரில் இருந்த குடியிருப்பு முகவரியை மகனுடையதிலும் ஏற்றினோம்.

விடுதிக் காப்பாளர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"வீடு இரும்புலியூர், காலேஜ் தாம்பரம். நடந்தே போகலாமே அண்ணா. வெளியூர்ப் பசங்களுக்கே இங்க இடம் பத்தல."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மேசைக்கு அந்தப் பக்கம் யாராவது உட்கார்ந்திருந்தால் எனக்குப் பேச்சு வராது, தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். அன்றும் வாசல்வரை வந்துவிட்டேன். ஒரு தகப்பனும் மகனும் டிரங்குப் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு எதிரே வந்தார்கள். வழிவிட்டு நின்றேன். பிறகு அவர்கள் பின்னாலேயே உள்ளே போனேன்.

"அது வூடு இல்ல சார். மோட்டார் ரூம். வேலைக்காகக் குடுத்தது. காலை நீட்டினா மோட்டார்ல இடிக்கும்."

காப்பாளர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இதை ஏன் மொதல்லயே சொல்லல? சரி, வாட்ச்மேனுக்குக் குடுத்த ரூம், குடும்பம் தங்க முடியாதுன்னு உங்க அசோசியேஷன் லெட்டர் ஒண்ணு வாங்கிட்டு வாங்க. ஆதாரையும் ஊர் அட்ரசுக்கே மாத்திடுங்க, அது அப்புறம் வந்தாப் போதும். லெட்டர் நாளைக்கே வேணும். லிஸ்ட் போகப்போகுது."

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர்; தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுப்பார். கடிதம் என்றதும் முகம் மாறியது.

"எழுத்துல எல்லாம் எதுக்குப்பா? மோட்டார் ரூம்ல ஆள் தங்கவெச்சிருக்கோம்னு நாளைக்கு எவனாவது கேள்வி கேப்பான். அடுத்த மாசம் கமிட்டில பேசிக்கலாம்."

"நாளைக்கு வேணும் சார்."

"நான்தான் சொல்றேனே."

மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. நான் அவர் கதவருகிலிருந்து நகரவில்லை.

"போய் மோட்டாரைப் போடுப்பா."

"சரி சார், லெட்டர் வேணாம். ஆதார்ல இந்த அட்ரஸ்தான் இருக்கு. பையனை இன்னிக்கே வரச் சொல்லிடறேன். மூணு வருஷம் என்கூடவே இருந்து படிக்கட்டும்."

"இங்கயா? ஃபேமிலி தங்கக் கூடாதுன்னு ரூல் இருக்கேப்பா."

"அதைத்தான் சார் எழுதிக் குடுங்கன்றேன்."

நான் இவ்வளவு பேசியது எனக்கே புதிதாக இருந்தது. உள்ளேயிருந்து அவர் மனைவியின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"எழுதிக் குடுத்து அனுப்புங்களேன். கிச்சன்ல தண்ணி நின்னு எவ்ளோ நேரமாச்சு."

செயலாளர் என்னை முறைத்தார். பிறகு கண்ணாடியைத் தேடினார்.

மறுநாள் காப்பாளர் கடிதத்தைப் படித்து என் மகன் பெயரைப் பட்டியலில் சேர்த்தார்.

"திங்கக்கிழமை பாய், தலகாணியோட வரச் சொல்லுங்க. ஒரு ரூம்ல எட்டுப் பேர். அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்."

விடுதி வாசலிலேயே நின்று மகனுக்குப் போன் செய்தேன்.

"எட்டுப் பேராப்பா?" என்றான்.

"பதினாறு பேர் இருந்தாலும் நீ போற. கொசு ஜாஸ்தி, போர்வை எடுத்துக்கோ."