கலிங்கில் விளைந்த உப்பு

எழுபதுகளில், கீழவைப்பார் பக்கம் கடலோரத்து ஊர் ஒன்றில், குளத்துக் கலிங்கைப் பழுதுபார்க்க என்னை ஓவர்சியராக அனுப்பினார்கள். குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்காகக் கட்டிய கான்கிரீட் கலிங்கு. கட்டிய புண்ணியவான் கிணற்று உப்புத் தண்ணீரிலேயே காரியத்தை முடித்துவிட்டுப் போயிருந்தார். உள்ளே கம்பி துருவேறி வீங்கி, கான்கிரீட் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து, போன மழையில் ஒரு பக்கம் உடைந்தேவிட்டது. குளத்துத் தண்ணீர் அத்தனையும் கடலுக்குப் போனது. ஐப்பசிக்குள் நான் முடிக்காவிட்டால் இந்த வருஷமும் அதே கதிதான்.

அதனால் ஆற்றுத் தண்ணீர்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். மேலதிகாரியிடம் நடையாய் நடந்து, ஸ்ரீவைகுண்டத்திலிருந்து லாரியில் வரவழைத்துத் தொட்டியில் நிரப்பினேன். கெட்டதைக் கொத்தியெடுத்து, புதுக் கம்பி கட்டி, கான்கிரீட் போட்டாயிற்று. இனி அது காய்ந்துவிடாமல் மேலே தண்ணீர் கட்டிவைக்க வேண்டும். உப்பளத்துப் பெண்களை அமர்த்தினேன். பாத்தி கட்டுவதில் அவர்களை அடிக்க ஆளில்லை. களிமண் வரப்பில் ஒரு சொட்டு கசியவில்லை. எனக்கு வாயெல்லாம் பல்.

அந்தப் பெண்களுக்குத் தலைவி மாதிரி இருந்த அக்கா தினமும் எனக்குக் கருப்பட்டிக் காப்பி கொண்டுவருவாள். முதல் நாள் வாயில் வைக்க முடியாமல் கரித்தது. அவள் முன்னாலேயே துப்பிவிட்டுச் சத்தம் போட்டேன். மறுநாளிலிருந்து காப்பி தேனாக இருந்தது. நான் போட்ட சத்தத்துக்குப் பலன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு காலையில் வந்து பார்த்தால் பாத்தி ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. எவர் செய்த வேலை இது என்று தொண்டை கிழியக் கத்தினேன். அக்கா எதையும் மறைக்கவில்லை. சாயங்காலம் நான் பஸ் ஏறியதும் தொட்டித் தண்ணீரை வீட்டுக்கு வீடு பிரித்துக்கொண்டு, கிணற்றுத் தண்ணீரை இறைத்துப் பாத்தியில் ஊற்றினார்களாம். எடுத்த குடத்துக்குக் குடம் ஊற்றிவிட்டோம் என்று நியாயம் வேறு.

"கல்லுக்கு எதுக்குய்யா நல்ல தண்ணி? பிள்ளைங்க தவிச்சுக் கெடக்கும்போது அதக் கல்லுல ஊத்துனா பாவமில்லையா? நீங்க குடிச்ச காப்பியும் அந்தத் தண்ணிதான்" என்றாள்.

யாருக்காக நான் இந்த வெயிலில் சாகிறேன், குளத்தில் தண்ணீர் நின்றால் குடிக்கப்போவது நீங்கள்தானே என்று வாய் வலிக்கும்வரை திட்டினேன். அப்படியே விட்டுவிடும் என்றார் மேலதிகாரி. நான் விடவில்லை. போட்டதையெல்லாம் கொத்தியெடுத்து மறுபடி போட்டேன்.

இந்த முறை தொட்டியடியிலேயே நின்று காவல் காத்தேன். வந்த தண்ணீர் பாத்திக்கே பற்றும் பற்றாததுமாக இருந்தது. பெண்கள் குடத்தோடு நின்றார்கள். ஒருத்தியும் எனக்குக் கொஞ்சம் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், மனசும் ஆறியிருக்கும். நான் சொன்னபடி அந்த நல்ல தண்ணீரை அவர்களே மொண்டு கல்லில் ஊற்றினார்கள்.

அந்த ஐப்பசியில் கலிங்கு தாங்கியது, குளமும் நிறைந்தது. அதெல்லாம் பிறகு. காவல் தொடங்கிய அன்று மத்தியானம் அக்கா காப்பி கொண்டுவந்தாள். வாயில் வைத்ததும் கரித்தது. பழிவாங்குகிறாளோ என்று நிமிர்ந்தேன். எதிரே உட்கார்ந்து அவளும் அதே காப்பியைத்தான் குடித்துக்கொண்டிருந்தாள், முகம் சுளிக்காமல். என்னால் துப்ப முடியவில்லை. விழுங்கினேன்.