பிரேக்கில் வைத்த கால் மரத்துப்போன நாள்

சபையாரே, இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

என் பெயர் சாமுவேல். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு மினி பஸ் ஓட்டுகிறேன். போன வருடம் பொங்கல் முடிந்த வாரம், டயர் மாற்றக் குனிந்தபோது இடுப்பில் சுருக்கென்றது. சுளுக்கு என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் வலி கீழே இறங்கியது. வலது பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்புறமாக, கெண்டைக்கால் வழியே சுண்டுவிரல்வரை கரண்ட் அடிப்பதுபோல் இழுக்கும். தும்மினால் உயிர் போகும். உட்கார்ந்தால் இன்னும் ஜாஸ்தி. எனக்கோ உட்காருவதுதான் தொழில்.

என் மனைவி எஸ்தர் தைலம் தேய்த்தாள். சுளுக்கு எடுப்பவர் முதுகை மிதித்தார். மாத்திரையை விழுங்கிக்கொண்டே ஓட்டினேன். வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் எந்த டாக்டரிடமும் போகவில்லை. "ஆண்டவரே, தொட்டுச் சுகமாக்கும்" என்று மூன்று மாதம் அழுதேன். வலி குறையவில்லை. அவர் என்னைக் கைவிட்டார் என்றே நினைத்தேன்.

சித்திரையில் ஒரு மத்தியானம். வெள்ளிமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். வண்டி நிறைய ஜனம். அதில் ஒருத்தி நிறைமாதக் கர்ப்பிணி. ஒரு வளைவில் பிரேக்கை அழுத்தினேன். அழுத்தினேனா என்றே தெரியவில்லை. பாதம் மரத்துக் கிடந்தது. வண்டி நிற்காமல் போகிறது. இடது காலையும் சேர்த்து மிதித்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்கம் ஒட்டி நிறுத்தினேன். மறுபக்கம் பள்ளம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்தேன். அப்போதுதான் என் ஜெபம் மாறியது. "ஆண்டவரே, என் கால் எப்படியோ போகட்டும். இந்த ஜனங்கள் என் கையால் சாகக்கூடாது. நான் என்ன செய்யவேண்டும், சொல்லும்."

பின்சீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது. மலைக்கு டூட்டிக்கு வந்துபோகும் நர்ஸ் கலைச்செல்வி.

"அண்ணே, இடுப்புலேர்ந்து காலு வரிக்கும் இழுக்குதா?"

"இழுக்குதும்மா. இன்னான்னே தெரில."

"தெனம் பின்னாடி குந்திக்கினுதான வரேன். நீங்க நொண்டிக்கினு எறங்கறது தெரியாதா? சயாட்டிகா மாதிரி கீதுண்ணே. நரம்பு அழுந்துது. மரத்துப்போனா சும்மா வுடக்கூடாது. இனிமே வண்டியத் தொடாதீங்க. வலிக்குன்னே தனியா டாக்டருங்க கீறாங்க, நாளைக்கே போங்க."

ஜெபித்த வாய் மூடுமுன் பதில் வந்துவிட்டது. நான் எதற்குப் பயந்தேனோ, அதுவே பதிலாக வந்தது.

வேறு டிரைவரை வரவழைத்து ஜனங்களை அனுப்பிவைத்தேன். அன்றே முதலாளியிடம் சாவியை நீட்டி எல்லாவற்றையும் சொன்னேன். "வண்டி எங்கயும் போயிடாது சாமுவேலு. மொதல்ல நீ போயி காலப் பாரு" என்றார். இதைக் கேட்கவா இத்தனை நாள் பயந்தேன்!

மறுநாள் எஸ்தரோடு சேலம் போனேன். வலி சிகிச்சை டாக்டர் என்னைப் படுக்கவைத்து, காலை மடக்காமல் தூக்கினார். பாதியிலேயே அலறினேன். நுனிக்காலில் நிற்கச் சொன்னார். வலது குதிகால் எழும்பவில்லை. சிறுநீர், மலம் அடக்க முடிகிறதா, தொடை இடுக்கில் உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டார். அதில் கோளாறு வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாதாம். தேவகிருபை, எனக்கு அது வரவில்லை. டிஸ்க் என்கிற முதுகெலும்புத் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவது ஸ்கேனில் தெரிந்தது. எக்ஸ்ரேயில் பார்த்தபடியே நரம்புக்குப் பக்கத்தில் ஊசி போட்டார். பிறகு பிசியோதெரபி. நான் சோம்பினால் எஸ்தர் விடமாட்டாள்.

ஐந்து மாதம் கழித்து அதே டாக்டர் முன் நுனிக்காலில் நின்றேன். வலது குதிகால் எழும்பியது. எஸ்தர் அங்கேயே அழுதுவிட்டாள். ஓட்டலாம் என்றார் டாக்டர். சுண்டுவிரலில் இன்னும் கொஞ்சம் மரமரப்பு உண்டு. அதை இன்று மறைக்கவில்லை, கேட்பவர்களிடம் சொல்கிறேன்.

பிரியமானவர்களே, இடுப்பு வலி காலுக்கு இறங்கினால், கால் மரத்தால், பலம் குறைந்தால், ஒளித்து வைக்காதீர்கள். ஆண்டவர் என்னைத் தொட்டார். ஒரு நர்ஸின் வாயாலும் ஒரு டாக்டரின் ஊசியாலும் தொட்டார். நீங்களும் நம்பிக் கேளுங்கள். பதில் வரும்போது, பயமாக இருந்தாலும், எழுந்து போங்கள்.